காஷ்மீரின் முதல் பிரதமர் யார்?

கேள்வி இதுதான்: "ஜம்மு காஷ்மீரின் முதல் பிரதமர் ஷேக் அப்துல்லா என்று படித்திருக்கிறேன். சில பட்டியல்களில் மெஹர் சந்த் மகாஜன் பெயர் முதலில் இருக்கிறது. எது சரி? எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் ஆட்சி நடத்தியது யார்?"

இந்தியாவுடன் இணைந்த நாளில் பிரதமர் பதவியில் இருந்தவர் மகாஜன். மக்கள் இயக்கத்திலிருந்து வந்து அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் ஷேக் அப்துல்லா; அது 1948 மார்ச்சில். அந்தப் பக்கத்தில், பாகிஸ்தான் வசம் போன பகுதியில், 1947 அக்டோபர் 24 அன்று தலைவரானவர் சர்தார் இப்ராஹிம் கான். பட்டியலுக்கு இது போதும். ஆனால் இந்த மூவரும் எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று பார்க்காவிட்டால், காஷ்மீரில் பிறகு நடந்த எதுவும் புரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பிரதமர் என்ற பதவி 1947இல் புதிதாக உருவானது இல்லை. மன்னராட்சிக் காலத்திலேயே இருந்தது. 1846 மார்ச் 16 அன்று அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில் ஜம்முவின் குலாப் சிங் 75 லட்சம் ரூபாய்க்குக் காஷ்மீரை ஆங்கிலேயரிடமிருந்து வாங்கினார். அந்த டோக்ரா வம்சத்தின் நான்காவது மன்னர் ஹரி சிங். அவருக்குக் கீழே வரிசையாகப் பிரதமர்கள் வந்தார்கள், பெரும்பாலும் வெளியூர் அதிகாரிகள். அவர்களில் ஒருவர் நம் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார், 1937 முதல் 1943 வரை ஆறு வருடம். அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவரான பி.என். ராவ்தான் பின்னால் இந்திய அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் ஆனவர். ஐயங்கார் 1949 அக்டோபர் 17 அன்று அதே சபையில் காஷ்மீருக்கான தனிப் பிரிவை முன்மொழிந்தார். பிற்காலத்தில் 370 என்று உலகமே அறிந்த பிரிவு அது. காஷ்மீரின் தனி நிலையைச் சட்டமாக எழுதும் வேலை அவரிடம் போனதற்கு இந்த ஆறு வருட அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, மன்னரின் பிரதமர்கள் ஒரு வரிசை. மக்களிடமிருந்து எழுந்த தலைவர்கள் வேறொரு வரிசை. இந்த இரண்டாவது வரிசைக்கு ஆரம்பம் 1931.

ஷேக் அப்துல்லா 1905இல் ஸ்ரீநகரை ஒட்டிய சௌராவில், சால்வை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அலிகாரில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்து 1930இல் ஊர் திரும்பினால், கிடைத்தது பள்ளி ஆசிரியர் வேலை. மக்கள்தொகையில் பெரும்பான்மை முஸ்லிம்கள். அரசு வேலைகளில் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அவரைப் போலவே படித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்த இளைஞர்கள் ஸ்ரீநகரின் பதே கடல் பகுதியில் ஒரு வாசகசாலை வைத்துக் கூடிப் பேசினார்கள். 'ரீடிங் ரூம்' கட்சி என்று அதற்குப் பெயர். ஒரு மாநிலத்தின் அரசியல் தலைமை மொத்தமும் ஒரு வாசகசாலையில் முளைத்தது என்பதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

1931 ஜூன் 21 அன்று கான்கா-இ-மௌலா தர்காவில் கூட்டம். ஏழு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களில் ஷேக் ஒருவர். கூட்டம் முடியும் நேரத்தில் அப்துல் கதீர் என்ற வெளியூர்க்காரர் எழுந்து மன்னராட்சியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. ஜூலை 13 அன்று ஸ்ரீநகர் மத்தியச் சிறைக்குள் விசாரணை நடக்க, வெளியே கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் இறந்தார்கள். லுஹர் (நண்பகல்) தொழுகை நேரத்தில் ஒருவர் பாங்கு சொல்ல எழுந்து சுடப்பட்டு விழ, அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர, அவரும் விழ, இப்படியே இருபத்திரண்டு பேரும் சேர்ந்து பாங்கை முடித்தார்கள் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அது அப்படியே நடந்ததோ இல்லையோ, காஷ்மீர் மக்கள் தங்கள் அரசியலின் பிறந்த நாளாக நினைப்பது அந்த நாளைத்தான்.

அடுத்த வருடம், 1932 அக்டோபரில், பத்தர் மசூதியில் முஸ்லிம் மாநாட்டுக் கட்சி தொடங்கியது. தலைவர் ஷேக் அப்துல்லா, பொதுச் செயலாளர் ஜம்முவைச் சேர்ந்த சௌத்ரி குலாம் அப்பாஸ். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள். ஒரே கட்சியில் ஒரே நாளில் பொறுப்பேற்ற இவர்கள்தான் பின்னால் கோட்டின் இரு பக்கமும் எதிரெதிரே நின்றவர்கள்.

பிரிவு 1939இல் தொடங்கியது. பிரேம் நாத் பஸாஸ் போன்ற பண்டித (காஷ்மீர் இந்து) தோழர்களின் நட்பு, நேருவின் நெருக்கம், இரண்டும் சேர்ந்து ஷேக்கை வேறு திசைக்குக் கொண்டு போயின. மத வேறுபாடு இல்லாமல் எல்லோரும் சேரலாம் என்று கட்சியின் பெயர் அந்த ஜூன் மாதத்தில் தேசிய மாநாட்டுக் கட்சியாக மாறியது. குலாம் அப்பாஸ் முதலில் ஒத்துக்கொண்டார். பிறகு விலகி 1941இல் பழைய முஸ்லிம் மாநாட்டுக் கட்சிக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1944இல் ஷேக்கின் கட்சி 'புதிய காஷ்மீர்' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டது. உழுபவருக்கு நிலம், பெண்களுக்குச் சம உரிமை, பொறுப்பாட்சி என்று இடதுசாரி வாசனை தூக்கலான அறிக்கை. அதே 1944இல் ஜின்னா ஸ்ரீநகர் வந்து இரு கட்சிகளையும் பார்த்தார். ஷேக் மசியவில்லை. போகும்போது ஜின்னா முஸ்லிம் மாநாட்டுக் கட்சியே சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

1946 மே மாதம் 'காஷ்மீரை விட்டு வெளியேறு' என்று மன்னருக்கு எதிராக ஷேக் குரல் கொடுத்தார். அமிர்தசரஸ் ஒப்பந்தம் ஒரு விற்பனைப் பத்திரம், அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் வாதம். மே 20இல் கைது, மூன்று வருடத் தண்டனை. அப்போது பிரதமர் ராம் சந்திர கக், காஷ்மீரி பண்டிதர். அந்த நாட்டின் பழங்காலக் கோயில்களைப் பற்றி அருமையாக எழுதிய தொல்லியலாளர். அந்தக் கையால்தான் இயக்கத்தை நசுக்கும் உத்தரவுகளும் வந்தன. நண்பருக்காக எல்லை தாண்டி வந்த நேருவையும் பிடித்து வைத்தார்கள். அந்த வருடமே குலாம் அப்பாஸும் சிறைக்குப் போனார். இதன் விளைவு பெரியது. 1947 ஆகஸ்டில் மாநிலத்தின் தலையெழுத்தை முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் அதன் இரண்டு பெரிய தலைவர்களும் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். முடிவு முழுக்கத் தயங்கித் தயங்கி நின்ற ஒரே மனிதரின் கையில், ஹரி சிங்கின் கையில், விழுந்தது. என் பார்வையில் காஷ்மீர்ச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, அந்தக் கோடையில் வெளியே இருந்தது யார்? பூஞ்ச் பகுதியின் சர்தார் இப்ராஹிம். லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், 32 வயது, அந்த வருடம்தான் பிரஜா சபை உறுப்பினர் ஆனவர். பிரஜா சபை என்றால் 1934இல் மன்னர் கொடுத்த சட்டமன்றம். 75 பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முதலில் 33 பேர் மட்டுமே. 1947 ஜூலை 19 அன்று ஸ்ரீநகரில் இப்ராஹிமின் வீட்டில் முஸ்லிம் மாநாட்டுக் கட்சியினர் கூடி, பாகிஸ்தானோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு அவர் மலையைக் கடந்து முர்ரீக்குப் போய் ஆயுதமும் ஆளும் திரட்டினார். பூஞ்சில் ஆள் திரட்டுவது கடினமாக இல்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் அங்கே ஊர் ஊராக இருந்தார்கள். மன்னரின் வரிகள் மீது கோபமும் கொதித்துக்கொண்டிருந்தது.

இடையில் ஒரு சின்ன அத்தியாயம், பல பட்டியல்களில் விடுபட்டுப் போவது. 1947 அக்டோபர் 4 அன்று ராவல்பிண்டியிலிருந்து ஒரு 'தற்காலிகக் குடியரசு' அறிவிக்கப்பட்டது. தலைவர் பெயர் அன்வர் என்று மட்டும் இருந்தது. அது புனைபெயர்; அந்த அன்வர் ஸ்ரீநகரைச் சேர்ந்த குலாம் நபி கில்கர் என்பதே பரவலாக ஏற்கப்படுவது. அவர் ஸ்ரீநகருக்குத் திரும்பிப் போக, அங்கே கைதானார். அந்த அரசு காகிதத்தோடு நின்றுபோனது. அக்டோபர் 24 அன்று இப்ராஹிமைத் தலைவராக வைத்து மறுபடி ஒரு அரசு அறிவிக்கப்பட்டது, அதுதான் நிலைத்தது. கில்கரை முதல் தலைவர் என்று எழுதுபவர்களும் உண்டு. அறிவிப்பை வைத்துப் பார்த்தால் அவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆட்சியை வைத்துப் பார்த்தால் இப்ராஹிம்தான். அந்தப் பகுதியை இந்தியா பாகிஸ்தான் ஆக்கிரமிப்புக் காஷ்மீர் என்கிறது, பாகிஸ்தான் ஆசாத் காஷ்மீர் என்கிறது. பதவிப் பெயர்களைச் சொல்லும் இடங்களில் அன்று அந்த அரசு வைத்துக்கொண்ட பெயரையே பயன்படுத்துகிறேன்.

இந்தப் பக்கம் மகாஜன். காங்ராவைச் சேர்ந்த நீதிபதி, பஞ்சாப் எல்லைக் குழுவில் இருந்தவர், 1954இல் இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். கக் ஆகஸ்ட் 11 அன்று நீக்கப்பட, ஜனக் சிங் இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள, அக்டோபர் 15 அன்று மகாஜன் பொறுப்பேற்றார். ஒரு வாரத்தில், 22ஆம் தேதி, பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பழங்குடிப் படைகள் முசாஃபராபாத் வழியாக உள்ளே நுழைந்தன. மஹூரா மின் நிலையம் கைவிட்டுப் போக, ஸ்ரீநகர் இருளில் மூழ்கியது.

அக்டோபர் 26 அன்று டெல்லியில் நேருவின் வீட்டில் நடந்ததை மகாஜன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மக்கள் கட்சிக்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுங்கள், ஆனால் இன்று சாயங்காலமே ராணுவம் ஸ்ரீநகருக்குப் பறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜின்னாவிடம் போய்ப் பேசுவேன் என்றாராம். நேருவுக்குக் கோபம் வந்துவிட்டது, போங்கள் என்று சொல்லிவிட்டார். மகாஜன் எழுந்திருக்க, படேல் தடுத்து நிறுத்தினார். அந்த நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு நேருவிடம் வந்தது. பக்கத்து அறையில் ஷேக் அப்துல்லா இருந்தார். பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மகாஜன் சொல்வதும் தன் கருத்தும் ஒன்றுதான் என்று எழுதி அனுப்பியிருந்தார். நேருவின் பேச்சு மாறியது. இது மகாஜன் ஒருவர் பக்கத்துக் கதைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: மன்னரின் பிரதமர் ஒரு அறையில், நான்கு வாரத்துக்கு முன்புவரை அந்த மன்னரின் சிறையில் இருந்த மக்கள் தலைவர் அடுத்த அறையில். செப்டம்பர் 29இல்தான் ஷேக் விடுதலையாகியிருந்தார்.

27ஆம் தேதி காலை இந்தியப் படை ஸ்ரீநகரில் இறங்கியது. மாத முடிவில் ஷேக் அவசரகால நிர்வாகத்தின் தலைவர். மகாஜன் பிரதமராகவே தொடர்ந்தார். ஒரே நேரத்தில் இரண்டு தலைமை. ஊரைக் காத்தது ஷேக்கின் கட்சித் தொண்டர்கள். பெண்களும் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். பாரமுல்லாவில் மக்பூல் ஷெர்வானி என்ற இளம் தொண்டர், படையெடுத்து வந்தவர்களைத் தவறான பாதையில் அலைக்கழித்ததற்காகக் கொல்லப்பட்டார். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே நவம்பரில் ஜம்முவில் முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். முசாஃபராபாத், மீர்ப்பூர் பக்கம் இந்துக்களும் சீக்கியர்களும் அதே கதிக்கு ஆளானார்கள். ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை மறைத்து எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

இரட்டைத் தலைமை 1948 மார்ச் வரை இழுத்தது. மார்ச் 5 அன்று மன்னரின் பிரகடனம், ஷேக் பிரதமர். பக்ஷி குலாம் முகமது துணைப் பிரதமர், மிர்சா அஃப்சல் பேக் வருவாய்த் துறை. கேள்வி கேட்டவரின் குழப்பத்துக்கு விடை இந்த நான்கு மாத இடைவெளியில்தான் இருக்கிறது.

ஷேக்கின் ஐந்து வருட ஆட்சியில் நிலைத்து நின்றது நிலச் சீர்திருத்தம். 1950 சட்டப்படி ஒருவருக்கு உச்சவரம்பு 182 கனால், அதாவது சுமார் 23 ஏக்கர், பழத்தோட்டங்களுக்கு விலக்கு. மிஞ்சியது உழுதவனுக்கு. நிலம் இழந்தவருக்கு இழப்பீடு கிடையாது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இவ்வளவு தூரம் போகவில்லை என்று தயங்காமல் சொல்வேன். பள்ளத்தாக்கின் குடியானவன் ஷேக்கைக் கடைசி வரை மறக்காததற்குக் காரணம் அவரது மேடைப் பேச்சைவிட அந்த நிலம். ஜம்முவில் இதே சட்டம் வேறு மாதிரிப் பார்க்கப்பட்டது. நிலம் போனவர்கள் பெரும்பாலும் டோக்ரா, ராஜபுத்திரக் குடும்பங்கள். பிரேம் நாத் டோக்ராவின் பிரஜா பரிஷத் கட்சி அங்கே வேர் பிடித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் தேர்தல்? 1951இல் மாநிலத்தின் சொந்த அரசியல் நிர்ணய சபைக்கு நடந்ததே முதல் தேர்தல். 75 இடமும் தேசிய மாநாட்டுக் கட்சிக்கே. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் எதிர்த்து நிற்க ஆளில்லை. பிரஜா பரிஷத்தின் பல மனுக்கள் தள்ளுபடியாக, அந்தக் கட்சி புறக்கணித்துவிட்டது. ஷேக்குக்கு அன்று இருந்த செல்வாக்குக்கு நேர்மையான போட்டியிலேயே பெரிய வெற்றி கிடைத்திருக்கும். அந்தப் போட்டியை நடக்க விடாதது அவர் செய்த பெரிய பிழை என்று நினைக்கிறேன். பின்னால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது, மக்கள் வாக்கில் வந்தவரை எப்படி நீக்கலாம் என்று கேட்பதற்கான பலம் அதனால் குறைந்தது.

1952 ஜூலையில் நேரு அரசுக்கும் ஷேக்குக்கும் இடையே டெல்லி உடன்படிக்கை. மன்னராட்சி ஒழிந்து, ஹரி சிங்கின் மகன் கரண் சிங், 21 வயதில், சதர்-இ-ரியாசத், அதாவது மாநிலத் தலைவர், ஆனார். ஜம்முவில் முழு இணைப்புக் கேட்டுப் போராட்டம். அதற்காக வந்த சியாமா பிரசாத் முகர்ஜி ஸ்ரீநகர்க் காவலில் 1953 ஜூன் 23 அன்று இறந்தார். டெல்லிக்கும் ஷேக்குக்கும் இடையே கசப்பு முற்றியது. சுதந்திரக் காஷ்மீர் பற்றி அவர் பேசுகிறார் என்ற சந்தேகம் வலுத்தது. ஐந்து பேர் கொண்ட அமைச்சரவையில் பக்ஷி, ஷாம் லால் சராஃப், கிர்தாரி லால் டோக்ரா மூவரும் அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஷேக் வார இறுதிக்காகக் குல்மார்க் போயிருந்தார். அன்று இரவு பதவிநீக்கக் கடிதம் அங்கே வந்தது, கூடவே கைது உத்தரவும். சபையைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்க வாய்ப்பே தரவில்லை. விடிவதற்குள் பக்ஷி பிரதமர்.

இதைப் படிக்கும் பலரும் இது டெல்லி மட்டும் செய்த காரியம் என்று நினைப்பார்கள். மூன்று வருடம் முன்பே அந்தப் பக்கம் இதே நடந்துவிட்டது. 1949இல் பாகிஸ்தான் காஷ்மீர் விவகார அமைச்சகம் ஒன்றை உருவாக்கியது. அந்த ஏப்ரல் 28 அன்று கராச்சியில் ஒரு ஒப்பந்தம்: பாகிஸ்தான் அமைச்சர் குர்மானி, இப்ராஹிம், 1948இல் விடுதலையாகி அந்தப் பக்கம் போயிருந்த குலாம் அப்பாஸ் மூவரும் கையெழுத்து. பாதுகாப்பு, வெளியுறவு, கில்கித்–பல்திஸ்தான் நிர்வாகம் எல்லாம் பாகிஸ்தான் கைக்கு. இந்த ஒப்பந்தத்தின் வாசகம் 1990கள் வரை பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை. 1950 மே மாதம் இப்ராஹிம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பூஞ்ச் மக்கள் தங்கள் ஆளுக்காகக் கிளர்ந்தார்கள், ஒடுக்கப்பட்டார்கள். அங்கே வயதுவந்த எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் 1970இல்தான் நடந்தது.

கில்கித் இன்னும் வருத்தமான கதை. 1947 அக்டோபர் 31 இரவு கில்கித் ஸ்கவுட்ஸ் படை மன்னரின் ஆளுநர் கன்சாரா சிங்கின் வீட்டைச் சுற்றி வளைத்தது. மறுநாள் உள்ளூர் அரசு ஒன்று அமைந்தது, தலைவர் ஷா ரயீஸ் கான். நவம்பர் 16 அன்று பாகிஸ்தானிலிருந்து ஒரு அரசியல் முகவர் வந்து பொறுப்பேற்க, அது முடிந்துபோனது. கராச்சி ஒப்பந்தத்தில் கில்கித்தைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்துக்கூட இல்லை. இந்தப் பக்கம் லடாக்கின் குஷோக் பகுலா ரின்போச்சே 1952இல் ஸ்ரீநகர் சபையில் எழுந்து, பட்ஜெட்டில் லடாக்குக்கு ஒன்றுமே இல்லை என்று தன் மொழியிலேயே பேசினார். ஸ்ரீநகரும் முசாஃபராபாத்தும் டெல்லி, கராச்சி மீது வைத்த அதே புகாரை, இந்த மலைப்பகுதிகள் ஸ்ரீநகர், முசாஃபராபாத் தலைவர்கள் மீதே வைத்தன.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்ஷி பத்து வருடம் இருந்தார். மானிய விலை அரிசி, இலவசக் கல்வி, பனிஹால் சுரங்கப்பாதை எல்லாம் அவர் காலம். ஊழலும் அடியாள் அரசியலும் அவர் காலம்தான். 1963இல் காமராஜர் திட்டத்தின் கீழ் அவரும் ராஜினாமாக் கடிதம் கொடுக்க, நேரு ஏற்றுக்கொண்டார். ஷம்சுத்தீன் சில மாதம், பிறகு ஜி.எம். சாதிக். 1965 மார்ச் 30 முதல் பிரதமர் பதவி முதலமைச்சர் பதவியானது. ஆகவே கடைசிப் பிரதமரும் முதல் முதலமைச்சரும் சாதிக்தான். அதே வருடம் மே மாதம் ஷேக் மறுபடி கைதாகி, ஊட்டியிலும் பிறகு கொடைக்கானலிலும் காவலில் வைக்கப்பட்டார். 1968இல்தான் முழு விடுதலை.

1975இல் ஷேக், இப்ராஹிம் இரண்டு பேரும் பதவிக்குத் திரும்பி வந்தார்கள். பிப்ரவரியில் ஷேக், இந்திரா காந்தியுடன் செய்த உடன்பாட்டின் பேரில், சட்டமன்றத்தில் சொந்தக் கட்சிக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் முதலமைச்சர். ஜூனில் இப்ராஹிம் மறுபடி ஆசாத் காஷ்மீரின் தலைவர். 1978இல் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் இப்ராஹிமை நீக்கினார். ஷேக்குக்கு அதற்கு முந்தைய வருடமே ஒரு தேர்தல் கிடைத்திருந்தது. 1977இல் நடந்த அதைத்தான் காஷ்மீரின் முதல் நேர்மையான தேர்தல் என்று பலரும் சொல்வார்கள். அதில் ஜெயித்து, 1982 செப்டம்பர் 8 அன்று இறக்கும்வரை அவர் பதவியில் இருந்தார்.